பெருங்கழி ராஜாவின் வெண்குடை

பெருங்கழி என்று ஒரு நாடு. அதை நாடு என்று சொல்வதற்கே கொஞ்சம் தாராள மனசு வேண்டும். ஒரு துறைமுகம், அதை ஒட்டி உப்பளம், உப்பளத்துக்குப் பின்னால் ஒரு காலத்தில் பனங்காடு. அவ்வளவுதான். ஆனாலும் அதற்கு ஒரு ராஜா இருந்தார். கடம்பவேள் என்று பெயர்.

அங்கே ஒரு வழக்கம். பங்குனியில் முதல் உப்பு வாரும் அன்று ராஜா செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்குவார். தலைக்கு மேலே வெண்குடை பிடித்திருப்பார்கள். ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அந்த வருஷத்து விலையைச் சொல்வார். உடனே முரசு அடிக்கும். ராஜா வாயிலிருந்து வந்ததுதான் விலை. அதற்கு மேல் பேச்சு கிடையாது.

பிறகு தூர தேசத்துக் கப்பல்கள் வந்தன. யாரும் மிரட்டவில்லை. கடம்பவேளே மாலை போட்டு வரவேற்றார். உப்பு குவியக் குவியக் கப்பல்கள் அள்ளிக்கொண்டு போயின. பதிலுக்கு அரிசியும் பட்டும் கண்ணாடி விளக்கும் வந்து இறங்கின. அளத்தில் உப்பு தங்குவதே இல்லை என்று ஆன பிறகு, மழைக்கு அதை மூடி வைக்கப் பனங்காட்டு ஓலை எதற்கு? பனங்காட்டை வெட்டி, மரத்தையெல்லாம் கடலில் ஊன்றி, கப்பல்கள் வந்து நிற்க நீளமாகப் பாலம் போடச் சொன்னதும் ராஜாதான். பாலம் திறந்த அன்று ஊரே விருந்து சாப்பிட்டது.

விலை மட்டும் வருஷத்துக்கு வருஷம் இறங்கியது. பங்குனியில் ராஜா சொல்ல வேண்டிய விலையைக் கப்பல் தரகர் முதல் நாளே அவர் காதில் சொல்லிவிடுவார். முரசு என்னவோ பழைய கம்பீரத்தோடுதான் அடித்தது.

இந்தப் பங்குனியில் அளத்து ஜனங்கள் வரப்பில் வந்து நின்றார்கள். மாடத்தி என்கிறவள் இடுப்பில் குழந்தையோடு முன்னால் வந்தாள்.

"இந்த விலைக்கு வித்தா கஞ்சிக்கே காணல ராசா."

கடம்பவேளுக்கு மனசு கேட்கவில்லை. தரகர் சொன்னதை விட்டுவிட்டு இரண்டு மடங்கு விலை சொன்னார். முரசு அடித்தது. ஜனங்கள் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வெகு நாளைக்குப் பிறகு அன்று ராஜா நன்றாகத் தூங்கினார்.

மறுநாள் தரகர் வந்தார். நல்ல மனுஷர், வணங்கிவிட்டுத்தான் பேசினார்.

"உங்க உத்தரவு உங்க நாட்டுல செல்லும் மகாராஜா. கப்பல் எந்தத் துறையில நிக்கணும்னு வேற எங்கயோ முடிவு பண்றாங்க."

"யாரு?"

"அது எனக்கே தெரியாது."

கப்பல்கள் வேறு துறைமுகத்துக்குப் போய்விட்டன. உப்பு அம்பாரம் அம்பாரமாகத் தேங்கியது. ஐப்பசி மழை பிடித்தபோது மூடுவதற்கு ஓலை இல்லை. எல்லாம் கரைந்துகொண்டிருக்கும்போது ஒரு கப்பல் வந்து நின்றது. அது உப்புக்கு வரவில்லை, ஆளுக்கு வந்தது. கடல் தாண்டிப் போய் உழைக்க விருப்பமுள்ளவர்கள் ஏறலாம் என்றார்கள். அளத்துக் குடிகளில் முக்கால்வாசிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள்.

கப்பல் கிளம்பும் நாள் காலையில் கடம்பவேள் தன் குருவைத் தேடிப் போனார். வேலாயுத அடிகளின் மடம் அளத்து ஓரத்திலேயே இருந்தது. இருவரும் ஒரே வயது, ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் அரியணைக்குப் போனார், இன்னொருவர் காவிக்குப் போனார். தலை நரைத்த பிறகுதான் ராஜா அவரிடம் சீடராக வந்து சேர்ந்தார்.

"சாமி, யாரும் கப்பல் ஏறக் கூடாதுன்னு முரசு அடிக்கச் சொல்லப் போறேன்."

"அடிக்கலாமே."

"நிப்பாங்களா?"

"உன் முரசு எதுவரைக்கும் கேக்கும்?"

"எல்லை வரைக்கும் கேக்கும்."

"அவங்க பசி எல்லைக்கு உள்ள இருந்து வந்துச்சா, வெளிய இருந்து வந்துச்சா?"



"அப்ப நான் எதுக்கு சாமி? நான் இன்னும் ராஜாதானா?"

அடிகள் வெளியே பார்த்தார். தூறல் போட ஆரம்பித்திருந்தது.

"உன் வெண்குடையை எடுத்துட்டு வரச் சொல்லு."

குடை வந்தது. பட்டுத் துணி, ஓரமெல்லாம் முத்துக் குஞ்சலம். வெயிலுக்கும் ஊர்வலத்துக்கும் தவிர அது வெளியே வந்ததில்லை. குடைக்காரன் பின்னால் வர, இருவரும் அளத்துக்குள் நடந்தார்கள்.

மேட்டில் இருந்ததால் மாடத்தியின் அம்பாரம் மட்டும் இன்னும் நின்றது. பழைய சேலை ஒன்றை மேலே விரித்து, நுனியில் கல் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குழந்தையும் மூட்டையும் இருந்தன.

"நீ கப்பலுக்குப் போகலையாம்மா?" என்றார் ராஜா.

"இது தப்பிச்சா போகல ராசா. இதை வச்சு எப்படியும் தை வரைக்கும் ஓட்டிருவேன்."

"குடையைப் பிடி" என்றார் அடிகள்.

குடைக்காரன் முன்னால் வந்தான்.

"அவன் இல்ல. நீ."

ராஜா குடையை வாங்கிப் பிடித்தார். அது அம்பாரத்தில் கால்வாசியைத்தான் மறைத்தது. இந்தப் பக்கம் பிடித்தால் அந்தப் பக்கம் கரைந்தது. அந்தப் பக்கம் ஓடினால் இந்தப் பக்கம் சரிந்தது. மழை வலுத்தது. பட்டு நனைந்து உள்ளே ஒழுகத் தொடங்கியது. உப்புத் தண்ணீர் காலைச் சுற்றி ஓடியது. கடம்பவேள் அழுதார். மழையில் யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டார். மாடத்திக்குத் தெரிந்தது.

"போதும் ராசா. கை நோகும்."

"இரும்மா. இப்ப விட்டுரும்."

விடவில்லை. சாயங்காலம் ஓய்ந்தபோது மேட்டில் ஒரு படி உப்பு மிஞ்சியிருந்தது. மாடத்தி அதை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். ஒரு கல்லை மட்டும் எடுத்து ராஜாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"மொத உப்பும் நீங்கதான் தின்னீக. கடைசி உப்பும் நீங்களே தின்னுங்க. விலை ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவள் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. குழந்தையை இடுப்பில் வைத்து, மூட்டையைத் தலையில் ஏற்றி, பனைமரப் பாலத்தின் மேல் அவள் நடந்து போனாள்.

கப்பல் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ராஜா குடையை மடக்கவில்லை. நாக்கில் உப்பு கரைந்துகொண்டிருந்தது.

"குடை ரொம்பச் சின்னதாப் போச்சே சாமி."

"குடை எப்பவும் இதே அளவுதான் கடம்பா. முன்னெல்லாம் அதுக்குப் பின்னால பனங்காடு நின்னுச்சு."