அந்தோணியார் படத்துக்குப் பின்னால பத்தொன்பது சாவி

தள்ளிப் படுடி, பெரியம்மாவுக்கும் கொஞ்சம் பாயி விடு. நான் கதை சொல்லச் சொல்ல நீ ‘ம்’ கொட்டணும். கொட்டலைன்னா தூங்கிட்டேன்னு நிறுத்திருவேன். கண்ணை மூடிக்கிட்டே பொய்க்கு ‘ம்’ கொட்டுற ஆளு நீ, உன் மேல எனக்கு எப்பவும் ஒரு சந்தேகம்தான்.

ஒரு ஊர்ல ஒரு பூட்டுக்காரர் இருந்தாரு. ஊரு திண்டுக்கல்லுக்குத் தெக்கால. பூட்டுக்காரர் பேரு சவரிமுத்து, பொண்டாட்டி பேரு தெரசம்மா. ரெண்டு பொம்பளைப் புள்ளைக. மூத்தது நானு, இளையது உங்கம்மா. ஆமா, உன் தாத்தா அம்மாச்சி கதைதான். கதைக்குள்ள போயிட்டா பேரு சொல்லலாம், தப்பில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல சவரிமுத்து கடை. காலையில இருந்து கரகரகரன்னு அரம் ஓடும், டொக் டொக்னு சுத்தி விழும். அந்த ஊர்ல எந்த வாசல்ல பாத்தாலும் அவரு செஞ்ச பூட்டுதான் தொங்கும். கடையைவிட்டா வீடு, வீட்டைவிட்டா கோயிலு. வெத்தலை பீடி கிடையாது. அப்படிப்பட்ட ஆளு மேல ஒரு நாள் சந்தேகம் வந்துருச்சு. யாருக்கு? முதல்ல ஊருக்கு. அப்புறம்... ‘ம்’ சொல்லு, சொல்றேன்.

ம்.

ஒரே மாசத்துல மூணு வீட்டுல களவு. கிளாரா டீச்சர் வீட்டுல ரேடியோ போச்சு. அப்புறம் நூல்கடை சுப்பையா வீட்டுல பித்தளை அண்டா போச்சு. அப்புறம் காளியப்பன் வீட்டுல வெள்ளி அரைஞாண் போச்சு. மூணு வீட்டுலயும் பூட்டு உடையலை. வந்தவன் தெறந்து, எடுத்து, பழையபடி பூட்டிட்டுப் போயிருக்கான். மூணும் சவரிமுத்து செஞ்ச பூட்டு.

அப்போ வெத்தலைக்கடை மொக்கையன் இருக்கானே, அவன் குசுகுசுன்னு ஆரம்பிச்சான். “பூட்டு செஞ்சவனுக்கு இன்னொரு சாவி செய்யத் தெரியாதாக்கும்? யாரும் கேக்காமயே அவன் அரத்தால சாவி ராவுறதை என் கண்ணால பாத்தேன்.” அவ்வளவுதான், குழாயடியில அதே பேச்சு, டீக்கடையில அதே பேச்சு.

தெரசம்மா காதுலயும் விழுந்துச்சு. சண்டைக்குப் போனா. “என் புருஷனைப் பத்திப் பேசுன, வாயைக் கிழிச்சிருவேன்!” அப்படிச் சொல்லிட்டு வீட்டுக்கு வந்து, கோவத்துல ஒட்டடைக் குச்சியை எடுத்து சரட் சரட்னு அடிச்சாளா, அந்தோணியார் படத்துக்குப் பின்னால இருந்து ஒரு துணிப்பை பொத்துனு விழுந்துச்சு.

பைக்குள்ள என்ன? கிளிங் கிளிங் கிளிங். சாவி. எண்ணுனா. பத்தொன்பது!

இவரு ஏன் இதை ஒளிச்சு வைக்கணும்? அதுவும் சாமிக்குப் பின்னால? மத்தியானம் சாப்பிட வந்தவரு, “ரசம் நல்லாருக்கு”ன்னாரு. நல்லாருக்குன்னு சொல்ற ஆளே இல்லையே, இன்னைக்கு ஏன் சொல்றாருன்னு அதுலயும் அவளுக்கு ஒரு சந்தேகம். ராத்திரி பூரா புருஷனோட முதுகையே பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. கேட்டிருக்கலாம்ல? கேக்கலை. கேட்டு, ஆமான்னுட்டாருன்னா?

மறுநாள் சந்தை. ஊரே சந்தைக்குப் போயிருச்சு. தெரசம்மா பையை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டு, சொந்த வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பினா.

முதல்ல டீச்சர் வீடு. ஒரு சாவி போட்டா, கிர்ரிக். தெறக்கலை. அடுத்தது, கிர்ரிக். தெறக்கலை. பத்தொன்பதும் போட்டுப் பாத்துட்டா. வேர்த்து ஊத்துது. அப்பாடான்னு நிலை மேல கையை ஊனினா பாரு, மேல இருந்து கிளிங்னு ஒண்ணு விழுந்துச்சு. என்னது? டீச்சரோட சாவி! கதவைப் பூட்டிட்டு, கதவுக்கு மேலயே வச்சுட்டுப் போயிருக்காக.

அப்புறம் சுப்பையா வீடு. கிர்ரிக் கிர்ரிக். பத்தொன்பதும் சேரலை. திரும்புறப்போ ஆட்டுக்கல்லுல கால் இடிச்சு, குழவி உருண்டுச்சு. குழிக்குள்ள சாவி!

அப்புறம் காளியப்பன் வீடு. அங்கயும் ஒண்ணும் சேரலை. இப்போ அவளே தேட ஆரம்பிச்சா. நிலையில இல்லை, திட்டுல இல்லை. வாசல்ல ஒரு பிஞ்ச செருப்பு கிடந்துச்சு. கவுத்தினா, சாவி.

ம் சொல்லுடி.

ம்.

அப்போ யாரு வேணா எடுத்துத் தெறந்திருக்கலாம். என் புருஷன் திருடன் இல்லை! ஆனா சந்தேகம்ங்கிறது ஒரு வாசல்ல விரட்டுனா அடுத்த வாசல்ல வந்து நிக்கும் பாரு. நடந்து வரயிலேயே அவளுக்கு மனசு வேற பக்கம் போயிருச்சு. இந்தச் சாவியெல்லாம் எந்த வீட்டுது? வேற ஊர்ல வேற ஒருத்தி இருக்காளோ? வீடு வந்து சேர்றதுக்குள்ள அவளுக்குப் பேரே வச்சுட்டா.

வாசலுக்கு வந்து முந்தானை முடிச்சைப் பாத்தா, முடிச்சு அவுந்து கிடக்கு. வீட்டுச் சாவி எங்கயோ விழுந்துருச்சு. ஐயோ, உள்ள உலை வைக்கணும், புள்ளைக ரெண்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்துருமே! என்ன செய்யறதுன்னு தெரியாம பையில இருந்து ஒரு சாவியைப் போட்டா.

டக்!

தெறந்துருச்சு. திரும்பப் பூட்டிட்டு அடுத்ததைப் போட்டா. டக்! அடுத்தது, டக்! பத்தொன்பதும் அவ வீட்டுச் சாவிதான்!

அவ அப்படியே வாசல்ல உக்காந்துட்டா. தொலைஞ்சதைக் கண்டுபிடிச்சுக் குடுக்குற சாமி யாரு? அந்தோணியார். இந்த மனுசன் சாவியைத் தொலைப்பாரு, யாருக்கும் தெரியாம இன்னொண்ணு ராவிக்குவாரு, அப்புறம் பழசு கிடைச்சதும் சாமி படத்துக்குப் பின்னால போட்டுருவாரு. இப்படிப் பத்தொன்பது தடவை! அவளுக்குச் சிரிப்பு வந்துச்சு. ஆனா பையைத் தூக்கிக்கிட்டு மூணு வீடு ஏறி இறங்குனது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்னுபோச்சு.

சாயங்காலம் கடை முன்னால ஊரே கூடிருச்சு. காளியப்பன் சொன்னாரு, “சவரி, கடையைக் காலி பண்ணிரு. உன்னை நம்பி இனிமே நாங்க கதவைப் பூட்ட முடியாது.”

மொக்கையன் கேட்டான், “யாருக்குய்யா சாவி ராவுன, சொல்லு?”

சவரிமுத்து வாயே தெறக்கலை. எப்படித் தெறப்பாரு? சாவியைத் தொலைக்கிறவன்கிட்ட எவன் பூட்டு வாங்குவான்?

அப்போ தெரசம்மா கூட்டத்தை விலக்கிக்கிட்டு உள்ள வந்தா. “டீச்சர், உங்க சாவி நிலை மேல. சுப்பையாண்ணே, உங்களுது ஆட்டுக்கல்லுக் குழிக்குள்ள. காளியப்பண்ணே, உங்களுது பிஞ்ச செருப்புக்குள்ள. இதுல திருடன் எதுக்குப் புதுசாச் சாவி செய்யணும்?”

“அது உனக்கு எப்படித் தெரியும்?”ன்னாரு காளியப்பன்.

அங்கதான் அவ மாட்டிக்கிட்டா. சொன்னா புருஷன் முன்னால மானம் போயிரும், சொல்லலைன்னா புருஷனோட மானம் போயிரும். சொல்லிட்டா. “என் புருஷனை நானே சந்தேகப்பட்டேன். சாவியைத் தூக்கிட்டு உங்க மூணு வீட்டுப் பூட்டுலயும் போட்டுப் பாத்தேன். ஒண்ணும் சேரலை. எல்லாம் எங்க வீட்டுச் சாவி.”

சவரிமுத்து தலை குனிஞ்சபடியே, “ஆமா. நான் சாவி தொலைக்கிறவன்”னாரு.

அப்புறம் டீச்சர்தான் முதல்ல சிரிச்சாங்க. அப்புறம் ஊரே கொல்லுனு சிரிச்சுச்சு. மறுநாள்ல இருந்து எல்லாச் சாவியும் இடுப்புக்கு ஏறிருச்சு, களவும் நின்னுபோச்சு. திருடுனது யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மொக்கையன் மேல எனக்கு ஒரு இது உண்டு. சொல்ல மாட்டேன்.

வீட்டுக்கு வந்து தெரசம்மா சோறு போட்டா. அவரு தட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. “மூணு வீடாடி?”

“மூணு வீடுங்க.”

“முதல் வீட்டோட நிறுத்தியிருக்கலாம்ல?”

தெரசம்மா குலுங்கிக் குலுங்கி அழுதா. பையைப் பழையபடி அந்தோணியார் படத்துக்குப் பின்னால வச்சுட்டு, படத்தைத் தொட்டுச் சொன்னா, “இனி என் ஆயுசுக்கும் இந்தப் படத்துக்குப் பின்னால கை விட மாட்டேன்.”

“நானும் இனிமே தொலைக்க மாட்டேன்”னாரு அவரு.

அதுக்கப்புறம் இருபத்தேழு வருஷம். சாவி தொலைஞ்சுச்சான்னு யாரு கேட்டாலும், “இடுப்புல கட்டியிருக்கேன், எப்படித் தொலையும்?”னு அடிச்சுச் சொல்லுவாரு. தெரசம்மா ஓரக்கண்ணால பாப்பா, ஒண்ணும் கேக்க மாட்டா. படத்தைத் துடைச்சாலும் முன்பக்கம் மட்டும்தான் துடைப்பா.

சவரிமுத்து செத்தப்போ அவ அழவே இல்லை. கல்லு மாதிரி இருந்தா. எங்களுக்கே பயமாப் போச்சு. முப்பதாம் நாள் பூசைக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கப் படத்தைக் கழட்டினோம். பொத்துனு விழுந்துச்சு பை. அவ எடுத்து மடியில கொட்டி, ஒண்ணு ஒண்ணா எண்ணுனா.

முப்பத்தி நாலு.

“பொய்யி! அத்தனையும் பொய்யி!”ன்னு கத்திக்கிட்டே சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ, அந்த முப்பத்தி நாலையும் நெஞ்சோட அணைச்சுக்கிட்டு அன்னைக்குத்தான்டி வாய்விட்டு அழுதா.

ம் சொல்லு. ஏய்? நிசமாவே தூங்கிட்டியா, நடிக்கிறியா?

சரி. கதையைப் பூட்டியாச்சு, சாவி என் இடுப்புல இருக்கு. தூங்குடி தங்கம்.