கண்ணாடித்தாள் பொரியல்

டக், டக், டக். வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிற சத்தம். என் சின்ன வயதில் சந்தைக்குள் நுழைந்தாலே அதுதான் காதில் விழும். பிஞ்சு டக்கென்று ஒடியும், முற்றல் வளையும். அவ்வளவுதான் பரீட்சை. அந்தச் சத்தமே இல்லாமல் போன ஊர் ஒன்று உண்டு, கேளுங்கள்.

அந்த ஊரிலே ஒரு ராஜா. மூளை கொஞ்சம் மட்டு. அவனிடம் மரகதமூர்த்தி என்று ஒரு வியாபாரி வந்து, "மகாராஜா, கண்ட கையும் காயைத் தொடுது, அசிங்கமா இல்லே? நான் கண்ணாடித்தாளிலே சுத்தி விக்கிறேன்" என்றானாம். ராஜாவும் தலையாட்டிவிட்டு, காசு கொடுக்குமுன் யாரும் காயைத் தொடக்கூடாது என்று தண்டோரா போட்டானாம். அப்புறம் என்ன? வெண்டைக்காய்க்குத் தாள், தாளுக்கு மேலே அட்டை, அட்டைக்கு மேலே இன்னொரு தாள். வாழைப்பழத்துக்குக்கூடச் சட்டை போட்டானாம், அது ஏதோ அம்மணமாகப் பிறந்த மாதிரி! விலை ஏறியது, தெருவெல்லாம் தாள் பறந்தது, அதைத் தின்று மாடு செத்தது. ராஜா மட்டும் மாடியில் நின்று, "ஊர் என்னமா மின்னுது!" என்றானாம்.

அப்புறம் இளவரசிக்குக் கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வந்தார்கள். அரண்மனைச் சமையல்காரி வள்ளியக்காள் வெண்டைக்காய்ப் பொரியல் வைத்தாள். மாப்பிள்ளையின் அப்பா மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் வாயிலிருந்து நாரை இழுத்து இலையோரம் வைத்து, "என்ன சம்பந்தி, கயிறு திரிக்கவா கூப்பிட்டீங்க?" என்று எழுந்து போய்விட்டார்.

ராஜாவுக்கு முகம் கறுத்தது. "இவளுக்கு மொட்டையடிச்சுக் கழுதை மேலே ஏத்துங்கடா!"

"ஏத்துங்க சாமி. மேலே நாலு பிஞ்சு, அடியிலே பூரா முத்தல். பிரிச்சுப் பாத்து வாங்கக்கூடாதுன்னு சொன்னது நானா?" என்றாள் வள்ளியக்காள்.

மரகதமூர்த்தியை இழுத்து வந்தார்கள். அவன் அசரவில்லை. "மகாராஜா, நான் வாங்குற விலையிலே முக்காவாசி தாளுக்குத்தான். என் தாளிலே ஒரு குறை சொல்லுங்க பாப்போம்!"

வள்ளியக்காள் சிரித்துவிட்டாள். "அடடா, விலை ஒசந்ததைக் குப்பையிலே போட்டுட்டு மிச்சத்தைச் சமைச்சேனே! தப்பு என்னோடதுதான் சாமி. இந்த அண்ணாச்சிக்கு நானே சரியா ஒரு விருந்து வைக்கிறேன்."

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. அப்புறம் தாளிலே பொரியல், அட்டையிலே குழம்பு, மேல்தாளிலே பாயசம். இரண்டு பக்கமும் ஈட்டியோடு சேவகர்கள். மரகதமூர்த்தி பொரியலை ஒரு வாய் மென்றான். குழம்பை ஒரு வாய் விழுங்கினான். பாயசத்தை வாயில் வைத்ததும் கண் பிதுங்கிவிட்டது.

"எப்படி அண்ணாச்சி? தூசு தும்பு இல்லாம சுத்தமா இருக்கா?"

"தெரியாம பண்ணிட்டேன் தாயே!"

"தெரிஞ்சுதான் பண்ணினே. சாப்பிடு."

அவன் காலில் விழுந்த பிறகுதான் இலையை எடுத்தாள். மொட்டையும் இல்லை, கழுதையும் இல்லை. ராஜா பழைய தண்டோராவை ரத்து செய்து, ஊரில் கிடந்த தாளையெல்லாம் வாரி மரகதமூர்த்தி வீட்டில் கொட்டச் சொன்னான். கூடம் நிறைந்தது, கொல்லை நிறைந்தது, கிணறும் நிறைந்தது.

கதை இவ்வளவுதான், இனி கண்ணை மூடுங்கள். வீட்டில் கால் வைக்க இடமில்லாமல் மரகதமூர்த்தி பக்கத்து ஊர்ச் சத்திரத்தில் போய்க் கிடந்தான். தாள் தின்ற மாடு மாதிரியே அங்கேயே செத்துப்போனான்.