சுவரைத் தாண்டாத பாட்டு

முன்னொரு காலத்தில், மனுவைப் பாதி கேட்டதுமே தீர்ப்புச் சொல்லிவிடும் ராஜா ஒருவர் இருந்தார். சொன்ன தீர்ப்பை மாற்றும் வழக்கமும் அவருக்குக் கிடையாது. அந்த அவசரத்தால் ஊரில் விளையும் குழப்பங்களைச் சரிசெய்யும் வேலை அவருடைய விகடகவி தோணியப்பன் தலையில்தான் விழும். அதனாலேயே ராஜாவுக்கு அவன்மேல் தனிப் பிரியம். சபையில் நான்காவது ஆசனத்தை அவனுக்குக் கொடுத்திருந்தார். ஐந்தாவது ஆசனத்தில் இருந்த களஞ்சிய அதிகாரி விருத்தாசலத்துக்கு அதை நினைத்தாலே சோறு இறங்காது.

ஒரு வெள்ளிக்கிழமை அந்த விருத்தாசலமே மனுவோடு வந்து நின்றார்.

"மகாராஜா, என் பக்கத்து வீட்டு அபரஞ்சி பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள். பதினொரு பெண்கள்! ஒருத்தி 'ரி'யில் வழுக்கி விழுகிறாள். அவளைத் தூக்க வருகிறவள் 'க'வில் விழுகிறாள். மதியம் கண்ணை மூடினால்கூட என் மண்டைக்குள் 'ச ரி க ம' ஓடுகிறது. தாங்கள்தான் என்னைக் காப்பாற்ற வேண்டும்."

அபரஞ்சியையும் வரவழைத்திருந்தார்கள். கணவனை இழந்த அவள் இந்தப் பாட்டை வைத்துத்தான் தன் இரண்டு பெண்களை வளர்த்துவந்தாள். அவள் கைகூப்பிச் சொன்னாள்:

"மகாராஜா, விடிந்த பிறகே தொடங்குகிறேன், விளக்கேற்றும் முன் முடித்துவிடுகிறேன். ஜன்னல்களில் வைக்கோல் பாய் தொங்கவிட்டிருக்கிறேன். 'எந்த நேரம் உங்களுக்குத் தொந்தரவு, சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்' என்று இவரிடம் மூன்று முறை போய்க் கேட்டேன். இவர்..."

"போதும்!" என்றார் ராஜா. "தாராளமாகச் சொல்லிக்கொடு. ஆனால் உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரை ஒரு சுரம்கூடத் தாண்டக் கூடாது. தாண்டினால் நீ அந்தத் தெருவை விட்டே போய்விட வேண்டும்."

சத்தம் வராமல் பாட்டா? அபரஞ்சியின் முகம் வெளுத்துவிட்டது. நான்காவது ஆசனத்தில் தோணியப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். விருத்தாசலம் அதைப் பார்த்துவிட்டார்.

"மகாராஜா, விகடகவிக்கு இது மிகச் சுலபமாகத் தெரிகிறது போலும். ஆணையை நிறைவேற்றும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். மூன்று நாளில் முடியாவிட்டால், அவர் தம் ஆசனத்தை விட்டு எழுந்துகொள்ளட்டும்."

"நல்ல யோசனை!" என்றார் ராஜா. தோணியப்பனின் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று மாலையே அவன் அபரஞ்சி வீட்டுக்குப் போனான். இரண்டு வீட்டு முற்றங்களுக்கும் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு மண்சுவர்தான் இருந்தது. அவன் அதைத் தட்டிப் பார்த்தான், காதை வைத்துக் கேட்டான், அண்ணாந்து பார்த்தான்.

"ஐயா, நான் வேற ஊருக்குப் போயிடறேன்," என்றாள் அபரஞ்சி. "என்னால உங்க ஆசனம் போக வேண்டாம்."

"ஆசனம் கிடக்கட்டும்மா. இந்தச் சுவர் யாரோடது?"

"எங்கப்பா கட்டினது. எங்க மனையிலதான் நிக்குது."

"அப்ப இதை எனக்கு ஒரு நாளைக்குக் குடுங்க."

அவன் என்ன செய்யப்போகிறான் என்று சொன்னதும் அவள் திடுக்கிட்டாள். பிறகு தன் பெண்களைத் திரும்பிப் பார்த்தாள், சரியென்று தலையசைத்தாள்.

மூன்றாம் நாள் விடிந்ததுமே விருத்தாசலம் அரண்மனைக்குப் புறப்பட்டார். மகாராஜாவே நேரில் வந்து காதால் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. பட்டு அங்கவஸ்திரம் காற்றில் பறக்க ராஜாவை அழைத்துக்கொண்டு அவர் வீடு திரும்பியபோது, தெருமுனையிலேயே பதினொரு குரல்களும் கணீரென்று கேட்டன.

"கேட்டீர்களா மகாராஜா!" என்று குதூகலமாகக் கூவியபடி தம் முற்றத்துக்குள் காலை வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

சுவரைக் காணோம். மண் முழுவதும் ஓர் ஓரமாகக் குவிந்து கிடந்தது. எதிரே பதினொரு பெண்களும் வரிசையாக உட்கார்ந்து, ஒரே இடத்தில் தடுமாறித் தடுமாறிப் பாடிக்கொண்டிருந்தார்கள். தோணியப்பன் முழங்கால்வரை புழுதியோடு வந்து வணங்கினான்.

ராஜாவின் முகம் சிவந்தது. "என் ஆணையோடு விளையாடுகிறாயா?"

"இல்லை மகாராஜா. சுவரை ஒரு சுரமும் தாண்டக் கூடாது என்றீர்கள். காலையிலிருந்து ஒன்றுகூடத் தாண்டவில்லை. எந்தச் சுரம் எந்தச் சுவரைத் தாண்டியது என்று அதிகாரி காட்டினால், இந்தக் கணமே என் ஆசனத்தை விட்டுவிடுகிறேன்."

ராஜா இங்கும் அங்கும் பார்த்தார். உதடு துடித்தது. சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார்.

"இது ஏமாற்று!" என்று கத்தினார் விருத்தாசலம். "இந்தச் சத்தத்தால் என் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இல்லை. வேண்டுமானால் என் மனைவியையே கேளுங்கள்!"

மனைவி மரகதவல்லி சமையல்கட்டு வாசலில் நின்றிருந்தாள். அவர் போனபின் சுவரை இடித்த ஆட்களுக்குக் கொடுத்த மோர்ச்சொம்பு இன்னும் கையில் இருந்தது.

"பயப்படாமல் சொல்லம்மா," என்றார் ராஜா. "உனக்கும் தொந்தரவா?"

"சொன்னா இவர் கோவிச்சுக்குவார், மகாராஜா."

"நான் பார்த்துக்கொள்கிறேன்."

"ரெண்டு வருஷமா நான் அந்தச் சுவர் ஓரமா உக்காந்துதான் அரிசி பொடைக்கிறேன். இவர் களஞ்சியத்துக்குப் போனதும் முறத்தை எடுத்துட்டு வந்துடுவேன். காதுல விழுந்ததை எல்லாம் வாய்க்குள்ளயே பாடிப் பாத்துக்குவேன்."

"எங்கே, ஒன்று பாடு."

சொம்பைக் கீழே வைத்துவிட்டு மரகதவல்லி பாடினாள். முதல் அடியில் குரல் நடுங்கியது. பிறகு, சற்றுமுன் பெண்கள் எல்லாரும் தடுமாறிய அதே இடத்தை, ஓடையைத் தாண்டுவதுபோல லேசாகத் தாண்டிப் போனாள். அபரஞ்சியின் கை தானாகத் தாளம் போட்டது.

"அந்த வளைவை இவங்க பதினொரு பேருக்கும் ஆறு மாசமா சொல்லித் தரேன்," என்றாள் அவள். "ஒருத்திக்கும் வரலை. உங்களுக்கு எப்படிம்மா வந்தது?"

விருத்தாசலம் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எங்கே போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

"நீ பாடுவாயா? என்னிடம் சொன்னதே இல்லையே?"

"நீங்க கேட்டதே இல்லையே," என்றாள் மரகதவல்லி.

அவ்வளவுதான், ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மண்குவியல்மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புழுதியோடு நின்ற தோணியப்பனுக்குப் போட்டார்.

விருத்தாசலம் தயங்கித் தயங்கி ராஜாவிடம் வந்தார். "மகாராஜா, அன்று சொன்ன மண்டைக் குடைச்சல் மட்டும் பொய்யில்லை. மதியம் ஒரு நாழிகை கண்ணயர்ந்தால் போதும்."

"அதைத்தானே ஐயா மூணு தடவை வந்து கேட்டேன்!" என்றாள் அபரஞ்சி. "மதியச் சாப்பாடு முடிஞ்சு ரெண்டு நாழிகை இங்க யாரும் வாயே திறக்க மாட்டாங்க."

ராஜா முதன்முறையாக இருவர் சொல்வதையும் கடைசிவரை கேட்டார். அரண்மனைச் செலவிலேயே செங்கல் சுவர் எழுப்பி, நடுவே உமி அடைத்து, முன்னைவிட இரண்டு மடங்கு கனமாகக் கட்டித்தர உத்தரவிட்டார்.

"கட்டுங்க மகாராஜா," என்றாள் மரகதவல்லி. "ஆனா அதுல ஒரு கதவு வையுங்க."

எல்லாரும் விருத்தாசலத்தைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சுவர் இடித்த ஆட்களோடு நின்ற கொத்தனாரைக் கூப்பிட்டார்.

"கொஞ்சம் அகலமாகவே வையப்பா," என்றார். "முறத்தோடு போய் வருவாள்."