மந்திரி வாசலில் சிவப்புக் கொடி

வேலங்காட்டு மன்னர் கார்மேக பூபதிக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டால் நாட்டில் ஒருவருக்கும் தூக்கம் இருக்காது. அந்த வருஷம் பிறந்தது வெயில் சமையல். அரண்மனை அடுப்புக்கு விறகு வெட்டி வெட்டிக் காடு மொட்டையாகியிருந்தது. அப்போது பாத்திரம் செய்யும் கன்னார் ஒருவர் வந்து, மெருகேற்றிய தாமிரத் தாம்பாளத்தால் வெயிலைக் குவித்துப் பால் காய்ச்சிக் காட்டினார். அரசர் பூரித்துப்போனார். இனி ஊருக்கெல்லாம் வெயில் அடுப்புதான் என்று முரசு அறைந்தார்.

அத்தனை அடுப்புக்குத் தாமிரம் வேண்டுமே. இதுவரை விற்றுவந்த பக்கத்து நாட்டு அரசனோ வண்டிகளை நிறுத்திவிட்டான். சுனைப்பட்டிக் குன்றைத் தோண்டலாம் என்றார் மந்திரி சோமநாயகர். கையோடு ஓர் ஆணையும் எழுதி முத்திரை வாங்கினார். தாமிரம் கண்ட இடத்தில் சிவப்புக் கொடி நட வேண்டும். நட்டால், அங்கே குடியிருப்பவர்கள் மூன்று நாளில் வெளியேற வேண்டும். யார் வீடு என்று பார்க்கக் கூடாது.

சபையில் விகடம் பேசும் மின்னப்பனுக்கு இது பிடிக்கவில்லை. சுனைப்பட்டியில் நாற்பது குடும்பங்கள். அவர்களுக்குக் குடிக்க அந்தக் குன்றில் ஊறும் ஒரே சுனைதான். வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தான்.

"இவ்வளவு கரிசனமா? அப்படியானால் கொடியை நீயே நடு, மின்னப்பா" என்றார் மந்திரி நக்கலாக.

மின்னப்பன் கொடிகளை வாங்கிக்கொண்டு கிளம்பினான்.

மறுநாள் காலை மந்திரி மூச்சிரைக்கச் சபைக்கு ஓடிவந்தார். அவர் வீட்டு வாசலில் கொடி நட்டிருக்கிறதாம்.

"அங்கே தாமிரம் இருக்கிறதா?" என்று கேட்டார் அரசர்.

"நிறைய இருக்கிறது அரசே" என்றான் பின்னாலேயே வந்த மின்னப்பன். "முரசு அறைந்த அன்றே மந்திரி சந்தையில் இருந்த தாமிர அண்டா, தவலை எல்லாவற்றையும் வாங்கி அடுக்கிவிட்டார். விலை ஏறக் காத்திருக்கிறார்."

"எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும்?"

"தோண்ட வேண்டாம் அரசே. கதவைத் திறந்தால் போதும்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். மூட்டை கட்டும்படி மந்திரியிடம் சொன்னார். பிறகுதான் மின்னப்பன் இன்னும் நகராமல் நிற்பதைக் கவனித்தார்.

"இன்னும் என்ன?"

"வரும் வழியில் இங்கேயும் ஒன்று நட்டுவிட்டேன். அரண்மனைக் கூரை முழுக்கத் தாமிரத் தகடு. யார் வீடு என்று பார்க்கக் கூடாதாமே."

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணாந்து பார்த்தார். சபையே அண்ணாந்து பார்த்தது.

"அண்டாவும் கூரையும் சேர்ந்தால் ஊருக்கே அடுப்பு செய்யலாம். சுனைப்பட்டிப் பக்கம் போகவே வேண்டாம்" என்றான் மின்னப்பன் பணிவாக.

அரசர் ஆணையை வாங்கி நாலாகக் கிழித்தார்.

"கொடியைப் பிடுங்கு" என்றார்.

"கூரையை, அரசே?"

அரசருக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

"அதையும் பிரித்துக்கொள். இந்தச் சபைக்குள்ளும் கொஞ்சம் வெயில் வரட்டும்."