தொண்ணூற்றேழு மார்க் மருந்து

மருந்தியல் கல்லூரி ஆசிரியர்களுக்கு மார்க் போட்டுப் போட்டே கல்லூரி முதல்வர் தீர்த்தகிரிக்கு வயிற்றெரிச்சல் வந்துவிட்டது. வாயைத் திறந்து ஊதினால் அடுப்பு பற்றிக்கொள்ளும், அப்படி ஓர் எரிச்சல். வயிற்றைப் பிடித்தபடியே தன் குரு மங்களேஸ்வரி மேடத்திடம் போனார். தலை நரைத்து என்ன, மேடம் உட்காரச் சொன்னால்தான் உட்காருவார். மேடம் சொல்லவில்லை.

“முடிச்சுட்டேன் மேடம். அருள்வேந்தனுக்குத் தொண்ணூற்றேழு. அவர் எழுதின ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஏத்தினா லாரி குடைசாஞ்சிடும்.”

“கடைசி யாரு?”

“பாக்கியநாதன். முப்பத்தொண்ணு. எந்த வருஷமும் பாடத்தை முடிச்சதில்லை. நான் கையெழுத்துப் போட்டா மனுஷனுக்கு வேலை போயிடும். அதான் கேக்கறேன், நான் போட்ட மார்க் சரிதானா?”

“முகம் ஏன் இப்படிக் கோணுது?”

“வயிறு எரியுது மேடம்.”

“வா.”

ஆய்வகத்தில் கடைசி வருஷப் பிள்ளைகள் இருந்தார்கள். அடுத்த மாதம் மருந்துக்கடைகளில் உட்காரப் போகிறவர்கள். அருள்வேந்தனின் வகுப்பிலிருந்து ஒருவனையும் பாக்கியநாதனின் வகுப்பிலிருந்து ஒருத்தியையும் மேடம் கூப்பிட்டார்.

“சாருக்கு வயிற்றெரிச்சல். மருந்து கலந்து குடுங்க.”

காபி ஆற்றுகிற நேரத்தில் பையன் கோப்பையை நீட்டினான். “குடிங்க சார்!”

அந்தப் பெண்ணோ தராசை விட்டு நகரவில்லை. கலந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி நிறுத்துக்கொண்டிருந்தாள்.

“இன்னுமாம்மா?” என்றார் தீர்த்தகிரி.

“ஒரு பொட்டு கூடிப்போச்சு சார். இதைக் குடுத்தா பாக்கியநாதன் சார் என்னைச் சும்மா விடமாட்டார்.”

தீர்த்தகிரி சிரித்துக்கொண்டே பையனின் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார். ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார்: “எவ்வளவு போட்டே தம்பி?”

“நிறுக்கலை சார். கண்ணளவுதான். பரீட்சையில அதெல்லாம் வராதுன்னு எங்க சார் விட்டுட்டாரு.”

“எந்தப் புட்டியில எடுத்தே?”

பையன் அலமாரியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். “வெள்ளையா இருந்துச்சே சார், அது.”

அலமாரி முழுக்க வெள்ளைப் பொடிதான்.

தீர்த்தகிரியின் வயிற்றெரிச்சல் அந்த நொடியே பறந்துபோயிற்று. உடம்பில் ஓடிய ரத்தம் நின்று திரும்பிப் பார்த்தது.

“குடி,” என்றார் மேடம். “தொண்ணூற்றேழு மார்க்.”

“மேடம்… செத்துப்போயிடுவேன்!”

“அப்ப கீழே வை.”

வைத்தார். காலியான கையில் மேடம் பேனாவைத் திணித்தார்.

“நீ குடிக்க வேண்டாம்பா. ஊரு குடிக்கட்டும். கையெழுத்தைப் போடு.”