ராகுகால மணி

ணங் என்று ஓர் அடி. சற்று இடைவெளி. மறுபடியும் ணங். வேப்பமரக் கிளையில் தொங்கிய தண்டவாளத் துண்டில் இரும்புக் கம்பி மோதும் ஓசை அது. கேட்டு முப்பத்தைந்து வருடம் ஆகிறது. இன்றும் சில மத்தியானங்களில், காற்று அசையாமல் நிற்கும்போது, எனக்கு அது கேட்கும்.

லால்குடியில் எங்கள் தெருமுனையில் விடியல் மன்றம் இருந்தது. கடவுள் இல்லை என்பவர்களின் சங்கம். ஒரே அறை, நான்கு பெஞ்சு, கொஞ்சம் புத்தகங்கள். ராகுகாலம் தொடங்கும்போது அறையைத் திறப்பார்கள், முடியும்போது மூடுவார்கள். திங்களன்று காலை ஏழரை, செவ்வாயன்று மூன்று மணி, வெள்ளியன்று பத்தரை. ஊர் எதற்கும் ஆகாது என்று ஒதுக்கிய ஒன்றரை மணி நேரம்தான் அந்தக் கதவு திறந்திருக்கும். திறக்கும்போதும் மூடும்போதும் வாசல் வேப்பமரத்தில் அந்த மணி அடிக்கும்.

அடிப்பவர் மன்றச் செயலாளர் பெருவழுதி. பெருமாள் என்ற பெயரை அப்படி மாற்றிக்கொண்டவர். எதிரிலேயே அவருடைய சைக்கிள் கடை. தெருவுக்கு அவர் என்றைக்கும் பெருமாளண்ணன்தான். திருத்தித் திருத்தி அவருக்கு அலுத்துவிட்டது.

தன் கதையை அவர் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்று மணி. மனைவிக்குப் பிரசவ வலி. வாசலில் டாக்ஸி. மாமியார் நிலைப்படியில் குறுக்கே நின்றார். "நேரம் சரியில்லை. நாலரைக்கு மேல போகட்டும்." நாலரைக்கு மேல் போனார்கள். ரயில்வே கேட்டில் டாக்ஸி நின்றபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

இதைச் சொல்லும்போது அவர் குரல் உயராது. கேட்பவர்கள் தரையைப் பார்ப்பார்கள்.

அவர் ஆசானாக ஏற்றுக்கொண்டது பூங்கோதை டீச்சரை. மன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், பெண்கள் பள்ளியில் பௌதிகம் நடத்துபவர், பெருவழுதியைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பார் பெருவழுதி. "அப்படிச் சொல்லாதீங்க. சோதிச்சுப் பாருங்க" என்பார் டீச்சர்.

ஒரு வியாழக்கிழமை, பள்ளியின் மதிய இடைவேளையில் டீச்சர் வந்திருந்தபோது, பெருவழுதி இரண்டு காகிதங்களை மேசைமேல் வைத்தார். ஒன்று கல்யாணப் பத்திரிகை. மற்றது அவர் கையால் எழுதிய தீர்மானம். நான் மூலை பெஞ்சில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"தணிகாசலத்தை மன்றத்துலேருந்து நீக்கணும் டீச்சர்."

"உங்க சிநேகிதரையா? என்ன செஞ்சார்?"

"போன ஞாயித்துக்கிழமை மகள் கல்யாணத்தைக் காலையில ஒம்பது மணிக்கு வச்சுட்டான். நல்ல முகூர்த்தம். சாயங்காலம் நாலரைக்கு இல்ல வச்சிருக்கணும்? நம்ம வீட்டுக் கல்யாணம் ராகுகாலத்துலதான்னு விதி இருக்கே. பேரை மாத்துடான்னப்பவே மாத்தாத ஆளு."

"ஏன் ஒம்பதாம்?"

"வெளியூர் ஜனம் பொழுதோட பஸ் ஏறணுமாம்."

"பொய்யா?"

"இல்ல. அதான் தொல்லை." பெருவழுதி உட்கார்ந்தார். "கேட்டேன். சிரிச்சான். 'நான் பஸ் நேரத்தைத்தானப்பா பார்த்தேன். பஞ்சாங்கம் பார்த்தது நீ'ன்னான். நாலு நாளா மண்டைக்குள்ள அதே ஓடுது. சக்கரத்துல கோட்டம் எடுக்க உக்காந்தா கை நிக்குது. நம்ம விதியும் ஒரு சடங்கா ஆயிடுச்சா டீச்சர்?"

டீச்சர் தீர்மானத்தைப் படித்தார்.

"நாளைக்கு அறையைத் திறங்க. மணி மட்டும் அடிக்காதீங்க" என்றார்.

மறுநாள் பத்தரைக்குக் கதவு திறந்தது. மணி இல்லை. பெருவழுதி இரும்புக் கம்பியைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை போலும். டீச்சர் அன்று பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

கால் மணி கழித்து நாலாம் வீட்டுச் சொர்ணம் வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை.

"பெருமாளண்ணே, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே நிக்கிறேன்."

"பின்ன மணியைக் காணோம்? நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பித் தட்டும் கையுமா உக்காந்திருக்கோம். ராகுகாலம் வந்துச்சா, போச்சா, ஒண்ணும் புரியலை."

"வீட்டுல காலண்டர் இல்லையா?"

"அது எதுக்குண்ணே? மழையோ வெயிலோ நீங்கதான் தவறாம அடிக்கிறீங்களே. கோயில் குருக்கள்கூட உங்க மணிக்குத்தான் காது கொடுத்துட்டிருப்பாரு."

பெருவழுதி சொன்னார்: "பன்னெண்டுக்கு மேல கிளம்பு, தாயி."

"நல்லா இருப்பீங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

அவர் கையில் இருந்த கம்பியை வேறு யாருடையதோ போலப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

"நான் ஏன் டீச்சர் அதைச் சொன்னேன்?"

"கேட்டாங்க. சொன்னீங்க."

"இனிமே அடிக்கவா, வேண்டாமா? அடிச்சா இந்தத் தெருவுக்கு நான்தான் பஞ்சாங்கம். அடிக்கலைன்னா, பயந்து விட்டுட்டான்னு ஆயிடும்."

"தெரியலை."

"டீச்சருக்கே தெரியலைன்னா?"

"தெரியலைன்னு தைரியமாச் சொல்லத்தான் இந்த இடத்தை ஆரம்பிச்சோம். ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. தீர்மானத்தை டீச்சர் பக்கம் நகர்த்தினார்.

"அப்ப இது?"

டீச்சர் தீர்மானத்தைத் தொடவில்லை. கல்யாணப் பத்திரிகையை எடுத்து ஒருமுறை படித்தார்.

"உங்க மனைவி பேர் என்ன?"

பெருவழுதி நிமிர்ந்தார்.

"எத்தனையோ கூட்டத்துல கேட்டிருக்கேன்" என்றார் டீச்சர். "கிழமை தெரியும். மணி தெரியும். பேரை நீங்க சொன்னதே இல்லை."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்து அவரைக் கடைக்குக் கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை.

"நீங்க கையில வச்சிருக்கிற காகிதத்துல இருக்கு டீச்சர்."

டீச்சர் பத்திரிகையை மறுபடி பார்த்தார். மணமகள்: செண்பகவல்லி.

"அன்னிக்கு டாக்ஸி ஓட்டுனது தணிகாசலம்தான். என் மாமியார்கிட்ட ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டதும் அவன்தான். நான் ஒரு மூலையில நின்னேன். மறுவருஷம் அவனுக்குப் பொண்ணு பொறந்துச்சு. கேட்காமலே அந்தப் பேரை வச்சான்."

"கல்யாணத்துக்குப் போனீங்களா?"

"எப்படிப் போறது டீச்சர்? நேரம் சரி..."

அவர் நிறுத்திக்கொண்டார்.

டீச்சர் பத்திரிகையை மடித்து அவர் முன்னால் வைத்தார்.

"சொல்ல வந்ததை முடிச்சிடுங்க" என்றார்.

பெருவழுதி முடிக்கவில்லை. பன்னிரண்டு மணிக்கு அறை மூடப்பட்டபோதும் மணி அடிக்கவில்லை. அதன் பிறகும் அடிக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்தத் தீர்மானம் வரவில்லை. தணிகாசலமும் வரவில்லை. அந்த ஆண்டே டாக்ஸியை விற்றுவிட்டு மகளோடு ஓசூருக்குப் போனார். மூன்றாம் வருடம் அங்கேயே இறந்தார்.