ஒளிவட்டம் கண்ட குடும்பம்

குன்றடி ஆசிரமத்தில் யாருக்கும் நோய் வருவதில்லை. வந்தால் அதற்குப் பெயர் பாடம்.

எந்தப் பாடம் எதனால் வருகிறது என்று கூடத்துக் கரும்பலகையில் மூத்த சீடர் மாசிலாமணி எழுதி வைத்திருந்தார். இருமல்: சொல்லாமல் விழுங்கிய சொல். முழங்கால் வலி: வணங்க மறுத்த மனம். மலச்சிக்கல்: விட்டுக்கொடுக்காமை. வயிற்றுப்போக்கு: அளவுமீறி விட்டுக்கொடுத்தல்.

கண் மங்கினால் மட்டும் கொண்டாட்டம். வெளியே பார்த்தது போதும், உள்ளே வா என்று ஆன்மா கூப்பிடுகிறதாம்.

மாசிலாமணியின் மூத்த மகள் சுடர்க்கொடி அங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஏழு வயதில், விடிகாலைக் கூட்டத்தில், குருவைப் பார்த்து, "ஐயா தலையைச் சுத்தி வட்டமா வெளிச்சம் தெரியுது" என்று சொல்லிவிட்டாள். கூடமே எழுந்து நின்று அழுதது. அன்றிலிருந்து அவளுக்கு முதல் வரிசை. பள்ளிக்கூடத்தில் போர்டு தெரியவில்லை என்றதற்கு வாத்தியார் முட்டி போட வைத்தார். ஆசிரமத்தில் அன்று பாயசம்.

பத்தொன்பது வயதில் திருச்சிக்குப் படிக்கப் போனாள். விடுதியில் அறைத்தோழி ரோஸ்லின் விளையாட்டாகத் தன் கண்ணாடியை அவள் மூக்கில் மாட்டிவிட்டாள். அடுத்த வாரமே சுடர்க்கொடி கண் டாக்டரிடம் போய்த் தனக்கென்று ஒன்று வாங்கிக்கொண்டாள்.

முதல் விடுமுறைக்கு விடிகாலையில் வந்து இறங்கியவள் தாழ்வாரத்திலேயே நின்றுவிட்டாள். இத்தனை வருஷமாக அவள் தினமும் வணக்கம் சொன்ன, ஒருநாளும் பதில் வணக்கம் சொல்லாத அந்தத் தாடிக்காரப் பெரியவர், ஆணியில் தலைகீழாக மாட்டிய தென்னந்துடைப்பம்.

கூடத்தில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் நின்று ஐயாவை உற்றுப் பார்த்தாள். கூட்டம் கலைந்ததும் அப்பா வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"சுடர், போன வாரம் நம்ம தாரகையும் பார்த்துட்டாம்மா!"

"எதை?"

"ஒளிவட்டத்தை! ஒரே குடும்பத்துல ரெண்டு பேர்! திங்கக்கிழமையிலேர்ந்து பள்ளிக்கூடம் நிறுத்தம். நாப்பத்தெட்டு நாள் மௌனம். விளக்கையே பார்த்துக்கிட்டு உக்காரணும்."

தங்கை தாரகைக்கு ஒன்பது வயது. "அக்கா!" என்று ஓடிவந்தவள் நேரே போய்ச் சமையல்கார அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, இவளுக்குக் கண்ணு தெரியல."

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

"நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"ஐயா வார்த்தை இல்லாம குழந்தை வாசலைத் தாண்டக் கூடாது. படிச்ச திமிர் உனக்கு."

"ஆமா, திமிர்தான். அதுக்கு என்ன நோய் வரும்னு பலகையில எழுதிக்குங்க."

ஐயா கொல்லைப்புறத்தில் முறத்தை மடியில் வைத்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வருஷமாக அந்தச் சேவையை அவர் யாருக்கும் விட்டுத் தந்ததில்லை. ஆசிரமச் சோற்றில் வாய்க்கு வாய் கல் கடிபடும். ஐயாவின் அருள் என்று எல்லாரும் விழுங்கப் பழகியிருந்தார்கள். கடைவாய்ப் பல் உடைந்தால் பேரருள்.

"யாரு?"

"சுடர்க்கொடி."

"மூச்சு விடுறதைப் பார்த்தா சண்டைக்கு வந்த மாதிரி இருக்கே. யார்கூட?"

"உங்ககூடத்தான் ஐயா."

"அப்போ உக்காரு. நின்னுக்கிட்டுச் சண்டை போட்டா கால் வலிக்கும்."

"கால்வலி என்ன பாடம் ஐயா?"

"நின்னா வலிக்கும்."

சுடர்க்கொடி உட்கார்ந்தாள். வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வாதத்தை ஆரம்பித்தாள்.

"கண்ணு மங்குறது ஆன்மா கூப்பிடுறதுன்னா, மாட்டுக்கு மங்கினா எது கூப்பிடுது? உள்ளே பார்க்கணும்னா கண்ணை மூடிக்கிட்டா போதாதா, கெடுத்துக்கணுமா? நான் பிளஸ் டூ முழுக்கப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்துதான் எழுதினேன். அவ தப்பா எழுதினதையும் சேர்த்து எழுதினேன்."

"ம்."

"இன்னைக்குக் கூட்டத்துல கண்ணாடி போட்டுக்கிட்டு உங்களைப் பார்த்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"உங்க தலைக்குப் பின்னால குண்டு பல்பு தெரிஞ்சுது. அதைச் சுத்தி ஒட்டடை. ஒரு பல்லி."

பின்னாலேயே வந்து நின்ற மாசிலாமணி காதைப் பொத்திக்கொண்டார்.

"என் முகம்?" என்றார் ஐயா.

அவள் அடுக்கி வந்த வாதத்தில் இந்தக் கேள்வி இல்லை.

"களைப்பா இருந்தீங்க ஐயா. சரியாத் தூங்கலையா?"

முறத்தில் ஐயாவின் கை நின்றது.

"இருபத்தஞ்சு வருஷமா தினமும் முந்நூறு பேர் என்னைப் பார்க்கிறாங்க. ஒருத்தரும் இதைக் கேட்டதில்ல" என்றார். "அதைக் கொடு."

"எதை?"

"மூக்குல இருக்கிறதை."

கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு மாசிலாமணியை அண்ணாந்து பார்த்தார்.

"மாசி, உனக்கு மீசை இருக்கா?"

"இருபது வருஷமா இருக்கு ஐயா."

"நரைச்சுப்போச்சே."

"வைக்கும்போது கறுப்பாத்தான் இருந்தது ஐயா."

'என் கண்ணுக்கு எல்லாரும் ஒன்றே' என்ற ஐயாவின் வாக்கு கூடத்துச் சுவரில் முழ நீள எழுத்தில் இருந்தது. சுடர்க்கொடி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஐயா முறத்தைப் பார்த்தார். ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. ஒரு கைப்பிடி சேர்ந்தது.

"இவ்வளவும் தினமும் சோத்துல போச்சா?"

மாசிலாமணி கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"மாசி, உனக்கு எத்தனை பல்லு போச்சு?"

"மூணுதான் ஐயா" என்றார் மாசிலாமணி, அருள் குறைவாகக் கிடைத்தவரின் கூச்சத்தோடு.

"ஏன் சொல்லல?"

"நீங்க கொடுத்ததாச்சே ஐயா."

சுடர்க்கொடிக்குப் பொறுக்கவில்லை.

"பல்லு போனா போகட்டும் ஐயா. அப்பா பெரியவர், அவர் இஷ்டம். தாரகைக்கு ஒன்பது வயசு. திங்கக்கிழமை அவளை உக்கார வெச்சுட்டா அப்புறம் எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்ப மாட்டீங்க. அவளுக்கு அவ அக்கா யாருன்னே தெரியல. அவ பார்த்ததும் பல்பைத்தான்."

ஐயா கண்ணாடியைக் கழற்றி, துண்டின் நுனியால் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

"டவுனுக்கு முதல் பஸ் எப்போ?"

"ஏழரைக்கு."

"கண்ணாடி அன்னைக்கே கொடுத்துடுவாங்களா?"

"சாயங்காலத்துக்குள்ள கொடுத்துடுவாங்க."

"ஐயா, திங்கக்கிழமை மௌனம்..." என்று மாசிலாமணி இழுத்தார்.

"அந்த மௌனம் நீ இரு, மாசி."

சுடர்க்கொடிக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "அப்போ நாளைக்கே தாரகையைக் கூட்டிட்டுப் போகலாமா?"

"நானும் வரேன்" என்றார் ஐயா. "போகும்போது ஜன்னலோரம் குழந்தை உக்காரட்டும். வரும்போது எனக்கு."